ஓய்வு யாருடையது? – பிரையன் ஈனோவின் இசையை முன்வைத்து

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சிறு இதழின் பிழைதிருத்த வேலை ஓர் அச்சகத்தின் பின்னறையில் இரவுகளில் நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் அங்கே ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். உறை கிடையாது. மேலே பால்பாயிண்ட் பேனாவால் 'ஏர்போர்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. போட்டோம். ஒரு பியானோ, நிதானமாக, நாலைந்து சுரம். பிறகு மௌனம். மறுபடியும் அதே மாதிரி, ஆனால் அதுவேயில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு தோழர் தலையைத் தூக்கி, "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். இன்னொருவர், "இது தூக்க மாத்திரை தோழர். மதத்தை அபின்னு மார்க்ஸ் சொன்னாரு, இதைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ" என்றார். சிரித்தோம். மூன்றாமவர் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து எங்களோடு வந்து உட்கார்ந்திருப்பார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அந்தக் கேசட்டை நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமுங்களா?" என்றார்.

தூக்க மாத்திரை என்கிற குற்றச்சாட்டை நான் இன்றுவரை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படியொரு உலகத்தில் ஒரு தனி ஆள் ஓர் அறையில் மின்னணுக் கருவிகளோடு உட்கார்ந்து மனசை இளைப்பாற்றுகிற இசையைச் செய்கிறார், அதை லட்சக்கணக்கானவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்றால், அந்த ஈர்ப்பு எதில் இருக்கிறது? களைத்தவருக்குக் கிடைக்கிற நிழலா அது, இல்லை களைத்தவரை மறுநாள் ஷிப்டுக்குத் தயார் செய்கிற எண்ணெயா? இரண்டையும் 'ரிலாக்ஸ்' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். சொல் ஒன்று என்பதால் காரியமும் ஒன்றாகிவிடாது. இந்த வேறுபாடு இசைக்கு உள்ளேயே, அது கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே என் நோக்கம்.

அந்தக் கேசட்டில் இருந்தது பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', 1978ஆம் ஆண்டுத் தட்டு. ஈனோ 1948இல் இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பகுதியில் ஒரு தபால்காரரின் மகனாகப் பிறந்தவர். ஓவியப் பள்ளியில் படித்தவர். இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாது. தன்னை 'இசைக்கலைஞன் அல்லாதவன்' என்றே சொல்லிக்கொண்டவர். ராக்சி மியூசிக் என்கிற ராக் குழுவில் சிந்தசைசர் வாசித்துக்கொண்டிருந்துவிட்டு 1973இல் வெளியேறித் தனியாளானார். 'ஆம்பியன்ட்' என்ற பெயரை இந்த வகை இசைக்கு நிலைநிறுத்தியவர் அவர்தான். சூழல் இசை என்று நாம் சொல்லலாம்.

இந்த இசைக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை. 1975 ஜனவரியில் லண்டனில் ஒரு டாக்சி மோதி ஈனோ காயப்பட்டார். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஜூடி நைலான் என்கிற தோழி அவரைப் பார்க்க வந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் போனபிறகு ஈனோ சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டு வந்து படுத்தார். பிறகுதான் தெரிந்தது, ஒலி மிகமிகக் குறைவாக வைத்திருக்கிறது, ஸ்டீரியோவின் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை என்று. எழுந்து சரிசெய்யத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே ஹார்ப்பின் சில சுரங்கள் மட்டும் அவ்வப்போது தலைகாட்டின. வெளிச்சத்தைப் போல, மழையைப் போல, அறையின் ஒரு பகுதியாக இசை இருக்க முடியும் என்று அப்போது அவருக்குப் பட்டது. அதே ஆண்டு வெளிவந்த 'டிஸ்கிரீட் மியூசிக்' தட்டின் உறையில் அவரே எழுதிய கதை இது.

ஜூடி நைலான் சொல்கிற கதை வேறு. மழை கொட்டிக்கொண்டிருந்தது உண்மை. கையில் இருந்த கடைசிக் காசைக் கொடுத்து அந்தத் தட்டை வாங்கியதும் உண்மை. ஆனால் தட்டைப் போட்டவர் அவர். மழைச் சத்தத்தோடு இழைகிற மாதிரி ஒலியைக் குறைத்து வைத்தவரும் அவர். படுத்திருந்த ஈனோ என்ன நடக்கிறது என்று உடனே புரிந்துகொண்டு, தான் கிடந்த இடத்திலிருந்து கேட்க எது சரியாக இருக்கும் என்று சேர்ந்து சரிசெய்தார். தற்செயல் என்று ஒன்று அங்கே நடக்கவேயில்லை என்கிறார் நைலான். சின்ன வயதில் மனசு சரியில்லாதபோது இசைத் தட்டைப் போட்டுத் தூங்கிப் பழகியவர் அவர். அவருக்கு அது புதிதும் அல்ல.

நான் நைலான் பக்கம். நினைவு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருக்கலாம், அதைத் தீர்ப்பது என் வேலையில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நோயாளியின் தலைமாட்டில் நின்று, விளக்கை எவ்வளவு தணிப்பது, சன்னலை எவ்வளவு திறப்பது, சத்தத்தை எங்கே வைப்பது என்று அளந்து பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது. வீடுகளில் அதைக் காலங்காலமாகச் செய்துவருகிறவர்கள் பெண்கள். அந்த வேலை 'தற்செயல்' ஆகிறது. அதிலிருந்து ஒரு மேதை பிறக்கிறான். நம்முடைய இலக்கிய வரலாறுகளிலும் இப்படி எத்தனை தற்செயல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். இந்த இசையின் இதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சிந்தசைசரைச் சொல்வதற்கு முன்னால் பராமரிப்பு வேலையைச் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் உடம்பின் நிலைக்கு ஏற்பச் சத்தத்தைத் தணிப்பது என்பதுதான் இதன் முதல் இலக்கணம்.

சரி, 'டிஸ்கிரீட் மியூசிக்' எப்படிச் செய்யப்பட்டது? இரண்டு டேப் ரெக்கார்டர்களைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொள்கிறார். ஒரே டேப் இரண்டிலும் ஓடுகிறது. முதல் இயந்திரம் பதிவு செய்கிறது. சில விநாடி கழித்து, பதிவான இடம் இரண்டாவது இயந்திரத்துக்கு வந்துசேர்ந்ததும் அங்கே ஒலிக்கிறது. அந்த ஒலியை மறுபடி முதல் இயந்திரத்துக்கே அனுப்புகிறார். அது புதிதாக வருகிற சுரங்களோடு சேர்ந்து மீண்டும் பதிவாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழையது கொஞ்சம் தேய்ந்து பின்னால் போகிறது. உள்ளே விடுவது சிந்தசைசரில் வாசித்த இரண்டே இரண்டு எளிய மெட்டுத் துண்டுகள். அவ்வளவுதான். மிச்சத்தை ஏற்பாடே பார்த்துக்கொள்கிறது. பதிவு நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது, கதவைத் தட்டினார்கள், எழுந்து எழுந்து போய்வந்தேன், கிட்டத்தட்டக் கேட்காமலேயே செய்தேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். நண்பர் ராபர்ட் ஃபிரிப் கிட்டார் வாசிப்பதற்குப் பின்னணியாக என்று செய்தது அது. அவருக்குப் போட்டுக்காட்டும்போது தவறுதலாகப் பாதி வேகத்தில் ஓடிவிட்டது. அப்படியே நன்றாக இருக்கிறதே என்று அந்த வேகத்திலேயே தட்டாக்கிவிட்டார். அரை மணி நேரம் ஓடும்.

இன்னொன்றும் செய்தார். இந்த ஏற்பாட்டின் வரைபடத்தை, எந்தக் கருவியிலிருந்து எதற்குக் கம்பி போகிறது என்பதை, தட்டின் பின்னட்டையிலேயே அச்சிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துபார்க்கலாம். மேதைமையின் மர்மத்தை விற்றுப் பிழைக்கிற ராக் உலகத்தில், உற்பத்திச் சாதனத்தைத் திறந்துகாட்டுகிற இந்தக் காரியத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ('திறந்துகாட்டியவர் தோழியின் பெயரை மட்டும் கொஞ்சம் மூடிவைத்தாரே' என்று கேட்டால் பதில் இல்லை.)

இந்த டேப் முறை ஈனோவின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கர் டெர்ரி ரைலி அறுபதுகளிலேயே கையாண்டார். ரைலி 1970 முதல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் மாணவராக இருந்தவர். இதைச் சொன்னதும், 'பார்த்தீர்களா, எல்லாம் நம் தம்பூராவிலிருந்து போனதுதான்' என்று மார்தட்ட ஆள் வந்துவிடும். வேண்டாம். தம்பூரா பாடகருக்கு அடியில் விரிக்கிற பாய். அதன்மேல் யாரோ ஒருவர் உட்கார்ந்தே தீரவேண்டும். ஈனோவின் இசையில் பாய் மட்டும்தான் விரிந்திருக்கிறது, உட்காருவதும் உட்காராததும் கேட்பவர் பாடு.

ஈனோவே அதிகம் நன்றி சொல்வது வேறொருவருக்கு: ஸ்டீவ் ரைஷ். 1964இல் சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் ஸ்கொயரில் ஒரு கறுப்பினப் பிரசங்கியார் நோவாவின் வெள்ளத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்ததை ரைஷ் டேப்பில் பிடித்தார். மறு ஆண்டு அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து இரண்டு இயந்திரங்களில் ஒருசேர ஓடவிட்டார். எந்த இரண்டு இயந்திரமும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று முந்த, ஒன்று பிந்த, ஒரே குரல் இரண்டாகி, எதிரொலியாகி, கடைசியில் சொல்லே கரைந்து வெறும் ஒலியாகிறது. 'இட்ஸ் கோனா ரெயின்' என்று அதற்குப் பெயர். கியூபா ஏவுகணை நெருக்கடியில் அணு ஆயுதப் போரின் விளிம்புவரை போய்த் திரும்பி இரண்டு வருஷம் போல ஆகியிருந்த நேரத்தில், உலகம் அழியப்போகிறது என்று தெருவில் நின்று கத்திய ஒரு குரல் அது. கேட்டால் வயிற்றைக் கலக்கும். இன்று யோகா வகுப்பிலும் தேநீர்க் கடையிலும் ஓடுகிற இதமான இசையின் பாட்டன் முறையில் இப்படியொரு ஊழிக்குரல் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் 'ரிலாக்ஸ்' என்கிறோம்.

ஈனோ அந்த முறையை எடுத்துக்கொண்டு அச்சத்தை இறக்கிவைத்தார். விமான நிலையத் தட்டின் முதல் பக்கத்தில் இரண்டாவதாக வருவது குரல்களால் ஆனது. மூன்று பெண்களும் ஈனோவும் ஆளுக்கொரு சுரத்தை நீளமாக, சொல் இல்லாமல், 'ஆ' என்று இழுத்துப் பாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி டேப்பில் பதித்து, நுனியையும் அடியையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார். ஜெர்மனியில் கோனி பிளாங்க் என்ற ஒலிப்பதிவாளரின் ஸ்டூடியோவில் நடந்த வேலை. வளையங்கள் ரொம்ப நீளம் என்பதால் அலுமினியக் குழாய் நாற்காலிகளின் கால்களைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் பேசும்போது அவற்றில் மூன்றின் நீளத்தை உத்தேசமாகச் சொன்னார்: ஒன்று 23½ விநாடி, இன்னொன்று 25⅞ விநாடி, மூன்றாவது 29 15/16 விநாடி. ஒன்றுக்கொன்று ஒத்தே வராத நீளங்கள்.

இதில்தான் சூட்சுமம் என்பதால் ஒருநாள் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வளையங்களும் ஒரே சமயத்தில் கிளம்பினால், மறுபடி மூன்றும் அதேபோல ஒரே சமயத்தில் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால், 23,30,095½ விநாடி. அதாவது இருபத்தேழு நாளைக்குக் கொஞ்சம் குறைவு. தட்டில் இருப்பதோ ஒன்பது நிமிஷத்துக்கும் குறைவான துண்டு. மூன்றே சுரம், ஒரு மாசம் நெருங்கும்வரை தன்னைத் திருப்பிச் சொல்லாது. பழகிய சுரங்கள்தான் வருகின்றன, புதுசாக எதுவுமில்லை. ஆனால் எது எதோடு சேரும், எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழும் என்பது மட்டும் தெரியாது.

இதைக் கேட்கிற காதுக்கு என்ன நடக்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லிப்பார்க்கிறேன். பாட்டு என்று நாம் பழகியிருப்பது எப்போதும் எங்கேயோ போய்ச்சேர வேண்டியது. பல்லவி வந்தால் சரணம் வரவேண்டும். சரணம் போனால் பல்லவி திரும்ப வேண்டும். தாளம் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். சினிமாப் பின்னணி இசை இன்னும் மோசம்; 'இப்போது அழு', 'இப்போது பயப்படு' என்று விரலை ஆட்டும். கேட்பவர் மனசு ஓயாமல் அடுத்ததை ஊகித்துக்கொண்டு, ஊகம் பலித்தால் மகிழ்ந்து, பலிக்காவிட்டால் வியந்து, வேலை செய்துகொண்டே இருக்கிறது. நல்ல வேலைதான், நான் குறைசொல்லவில்லை. ஈனோவின் குரல் வளையங்களில் முதல் ஐந்து நிமிஷம் மனசு இதே வேலையைச் செய்ய முயல்கிறது. அடுத்து இது வரும் என்று எதிர்பார்க்கிறது. வருகிறது, கொஞ்சம் தள்ளி வருகிறது, அல்லது இரண்டு சேர்ந்து வருகிறது. எண்ணிப் பார்க்கத் தாளமும் கிடையாது. ஒரு கட்டத்தில் மனசு ஊகிப்பதைக் கைவிட்டுவிடுகிறது. அந்தக் கைவிடல்தான் இதில் கிடைக்கிற இளைப்பாறல். தூக்கம் அல்ல. நான் தூங்கியதும் உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் காது திறந்துதான் இருக்கிறது. மின்விசிறிச் சத்தம், தெருவில் போகிற வண்டி, அடுத்த வீட்டில் பாத்திரம் விழுவது எல்லாம் இசைக்குள் வந்துபோகின்றன. கேட்பதற்கும் கேட்காததற்கும் நடுவிலிருக்கிற எல்லையில் ஒலியை வைத்துக் கேட்கும்படி ஈனோ தன் தட்டுகளில் எழுதியதன் பொருள் இதுதான். உலகத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற இசையாக இருந்தால் சத்தமாக அல்லவா இருக்கவேண்டும்?

எண்ணெய் தயாரித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் தோழரின் தூக்க மாத்திரைக் குற்றச்சாட்டு உண்மையில் அவர்களைத்தான் சாரும்.

ஜார்ஜ் ஓவன் ஸ்க்வையர் என்கிற அமெரிக்க ராணுவ ஜெனரல், மின்கம்பி வழியாகவே வீடுகளுக்கும் கடைகளுக்கும் இசை அனுப்புகிற தொழிலை இருபதுகளில் தொடங்கினார். 1934இல் அதற்கு 'மியூசாக்' என்று பெயர் வைத்தார். கோடாக் என்ற பெயரின் ஓசை பிடித்திருந்ததால் மியூசிக் என்பதோடு அதை ஒட்டிக்கொண்டார். வியாபாரம் சூடுபிடித்தது தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும்தான். கால் மணி நேரத் தொகுப்பு ஒன்று. அதற்குள் பாட்டுக்குப் பாட்டு வேகமும் விறுவிறுப்பும் படிப்படியாக ஏறும். பிறகு கால் மணி நேரம் மௌனம். மறுபடி தொகுப்பு. தொழிலாளி சோர்கிற நேரம் எது, முற்பகலில் எப்போது, பிற்பகலில் எப்போது என்று கணித்து, அந்த நேரத்தில் ஏறுகிற மாதிரி இசையை வைப்பது. 'தூண்டுதல் படிவரிசை' என்கிற மாதிரி ஒரு பெயரும் அதற்கு உண்டு. வாயால் அதட்ட வேண்டிய மேஸ்திரியின் வேலையை வயலின்கள் பார்த்தன.

போர்க்காலத்தில் பிபிசி 1940இல் 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்று ஒரு நிகழ்ச்சியை ஆலைகளுக்காகவே ஆரம்பித்து 1967 வரை நடத்தியது. அங்கே ஒரு ருசியான தகவல். 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற பாட்டை அதில் போடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். காரணம், அந்தப் பாட்டின் நடுவே கைதட்டுகிற இடம் வரும். தொழிலாளர்கள் கையிலிருந்த கருவியால் இயந்திரத்தைத் தட்டிவிடுவார்கள் அல்லது வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவார்கள். கை வேலையை விட்டு எழுந்துவிட்டால் அது இசையாகவே இருந்தாலும் ஆகாது என்பதுதான் விதி. நிர்வாகத்தின் அழகியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

ஜாக் அத்தாலி 1977இல் எழுதிய புத்தகத்தில், அதிகாரம் இசையை மூன்று காரியங்களுக்குப் பயன்படுத்துகிறது என்றார்: மறக்கச் செய்ய, நம்பச் செய்ய, வாய்மூடச் செய்ய. மியூசாக் மூன்றாவதற்கு நல்ல உதாரணம். மறு ஆண்டு ஈனோ தன் விமான நிலையத் தட்டின் உறைக் குறிப்பில் மியூசாக்கைப் பெயர் சொல்லியே எதிர்த்து எழுதினார். அவர்கள் ஒவ்வொரு இடத்தின் தனித்தன்மையையும் ஒலிப் போர்வையால் மூடிச் சமப்படுத்துகிறார்கள், சந்தேகத்தையும் நிச்சயமின்மையையும் துடைத்தெறிகிறார்கள். நான் அவற்றை வைத்துக்கொள்ள விரும்புகிறேன் என்பது அவர் வாதம். விமான நிலையத்தில் ஓடுகிற குதூகல இசை 'ஒன்றும் ஆகாது' என்று பாசாங்கு செய்வதால்தான் பயம் கூடுகிறது, செத்துப்போகலாம் என்பதை ஏற்றுக்கொண்ட இசை வேண்டும் என்றும் பேட்டிகளில் சொன்னார். 1980இல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் ஒரு முனையத்தில் அந்தத் தட்டை ஒலிக்கவும் விட்டார்கள். பறக்கப்போகிறவருக்குச் சாவை ஞாபகப்படுத்துகிற இளைப்பாறல்! தூக்க மாத்திரைக் கம்பெனி எதுவும் இப்படி விளம்பரம் செய்யாது.

ஆக இரண்டுக்கும் வேறுபாடு இசைக்குள்ளேயே இருக்கிறது. மியூசாக்குக்கு ஏறுவரிசை உண்டு, அந்த வரிசை ஷிப்டின் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டது. ஈனோவின் வளையங்கள் எந்தக் கடிகாரத்தோடும் ஒத்துப்போகாதபடி வேண்டுமென்றே வெட்டப்பட்டவை. ஒன்று நம் களைப்பைக் கணக்கெடுக்கிறது. மற்றது கணக்கையே குலைக்கிறது. மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880இல் சோம்பலுக்கான உரிமையைக் கேட்டு எழுதியபோது, வேலைக்குத் தயாராவதற்காக எடுக்கிற ஓய்வை அவர் கேட்கவில்லை. நம் இயக்கங்கள் எட்டு மணி நேர வேலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு மிச்சப் பதினாறு மணி நேரம் எப்படியிருக்க வேண்டும் என்று பேசியதில்லை. அந்த இடத்தைச் சந்தை எடுத்துக்கொண்டது.

அடோர்னோ இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். இசையைக் கேட்பதில் ஏற்பட்டிருக்கிற பின்னடைவு பற்றி 1938இலேயே எழுதியவர். கவனம் சிதறிய கேட்டல், பண்டமாகிப்போன இசைக்கு ஏற்ற கேட்டல் என்பது அவர் கணிப்பு. அரைக்காதால் கேட்கும்படியே செய்யப்பட்ட இசை என்றால் அவருக்கு அது சரணாகதியாகத்தான் பட்டிருக்கும். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. முழுக்கவனத்தோடு அசையாமல் உட்கார்ந்து கேட்பது என்கிற கச்சேரி ஒழுக்கமும் ஒரு வர்க்கத்தின் ஓய்விலிருந்து வந்ததுதானே! பத்து மணி நேரம் நின்றவரிடம் போய் 'கவனமாகக் கேள்' என்று சொல்வதற்கு யாருக்கு வாய் வரும்? எரிக் சாத்தி 1917வாக்கில் 'அறைக்கலன் இசை' என்று ஒன்றை யோசித்து, 1920இல் பாரிஸில் ஒரு ஓவியக் கூடத்தில் இடைவேளையின்போது வாசிக்கவைத்தார். 'பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்' என்று அவர் கெஞ்சியும் கூட்டம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பழக்கம் அவ்வளவு ஆழம்.

இதுவரை சொன்னதில் ஈனோவை ரொம்பத்தான் தூக்கிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் மறுபக்கமும். மியூசாக்கை எதிர்த்தவரே தொண்ணூறுகளில் மைக்ரோசாஃப்ட் கேட்டதற்காக விண்டோஸ் 95 திறக்கும்போது வருகிற ஒலியைச் செய்துகொடுத்தார். ஊக்கம் தரவேண்டும், உணர்ச்சி வேண்டும் என்று உரிச்சொற்களாக அடுக்கி, மூன்றேகால் விநாடிக்குள் வேண்டும் என்று கேட்டார்களாம். எண்பத்து நான்கு செய்து பார்த்தாராம். உலகமெங்கும் அலுவலகங்களில் காலை வேலை ஆரம்பமாவதற்கான சங்கொலி ஆகிப்போனது அது. நம் ஊர் டிடிபி சென்டர்களில்கூட அதைத்தான் கேட்டோம், யார் போட்டது என்று தெரியாமலே. 2013இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கென்று ஒலியும் வெளிச்சமுமாக ஓர் அமைதி அறையை அமைத்தார். நல்ல காரியம், ஆனால் அது தனியார் மருத்துவமனை. படுக்கையும் கிடைக்காமல் வராந்தாவில் படுத்திருப்பவருக்கு அமைதி அறை எங்கே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய அபகரிப்பு அவர் கையை மீறி நடந்தது. மியூசாக் என்ற பெயரை அதை வாங்கிய கம்பெனி 2013இல் கைவிட்டது. பெயர்தான் போனது. இன்று செல்போனில் 'படிப்பதற்கு', 'தூங்குவதற்கு', 'கவனம் குவிய' என்று காரியவாரியாகப் பட்டியல் போட்டு இதே மாதிரி இதமான இசை இரவும் பகலும் ஓடுகிறது. ஸ்பாட்டிஃபையின் இத்தகைய பட்டியல்களை நெடுநாள் ஆராய்ந்த லிஸ் பெல்லி என்ற பத்திரிகையாளர் 2025இல் வெளியான 'மூட் மெஷின்' என்ற புத்தகத்தில் ஒன்றை வெளிப்படுத்தினார். அந்தப் பட்டியல்களில் இருக்கிற பல கலைஞர்கள் ஆட்களே அல்ல, வெறும் பெயர்கள். குறைந்த செலவில் மொத்தமாக இசை தயாரித்துக்கொடுக்கிற கம்பெனிகளின் சரக்கு அது. யார் செய்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் யாரும் கவனித்துக் கேட்பதில்லை. அடோர்னோ சொன்னதில் நான் ஒப்புக்கொள்கிற பாதி இதுதான். கேட்காமலிருப்பதற்கான சுதந்திரத்தை ஈனோ கொடுத்தார். அந்தச் சுதந்திரத்தின் இடுக்கில் புகுந்து, செய்தவரின் கூலியைச் சந்தை எடுத்துக்கொண்டது. ஜூடி நைலானுக்கு நடந்ததுதான், மொத்த வியாபாரமாக.

ஈனோ போர் எதிர்ப்பு அணிகளில் தெருவில் இறங்கி நிற்கிறவர் என்பதையும் சொல்லவேண்டும். 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். இஸ்ரேலிய ராணுவத்துக்கும் அரசுக்கும் அந்தக் கம்பெனி தருகிற சேவைகளைக் கண்டித்து, அன்று விண்டோஸ் ஒலிக்காகத் தான் வாங்கிய பணம் காசாவில் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்குப் போகும் என்று அறிவித்தார். செப்டம்பரில் லண்டன் வெம்பிளி அரங்கில் பாலஸ்தீனத்துக்காக ஒரு பெரிய நிகழ்ச்சியை முன்னின்று நடத்தினார். இதைச் சொல்லி இசைக்கு நற்சான்றிதழ் வாங்குவது என் நோக்கமல்ல. நல்ல மனுஷன் மட்டமான இசை செய்யலாம், மறுதலையாகவும் நடக்கும். ஆனால் 'இந்த மாதிரி இசை ஆளை மழுங்கடித்துவிடும்' என்ற தோழருக்கு, அதை ஐம்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பவரே மழுங்கவில்லை என்பதையாவது தெரிவிக்கலாம்.

நூற்பாலைத் தோழர் இரண்டு மாசம் கழித்துத்தான் கேசட்டைத் திருப்பிக்கொடுத்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். இயந்திரச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிப்போனவர். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். "ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா காதுக்குள்ள ஒரு ரீங்காரம் ஓடுமுங்க. வூட்டுல பேசுறதுகூட அதுக்கு அந்தாண்டதான் கேக்கும். இதைச் சின்னதா வெச்சுட்டுப் படுத்தா அது எது, இது எதுன்னு தெரியாமக் கலந்து, அப்புறம் மெல்ல ரெண்டும் போயிருது. எல்லாப் பாட்டும் நம்மளை ஏதாச்சும் வேலை வாங்குமுங்க தோழர். இது வாங்கல."

கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டபோது இசை இல்லை. புதுக் கேசட் வாங்கக் காசில்லாமல், ஆலை வாசலில் நடந்த சங்கக் கூட்டத்தின் பேச்சை அதில் பதிவு செய்திருந்தார். போனஸ் கோரிக்கை பற்றி யாரோ தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவில் சங்கு ஊதுகிறது. அது ஓயும்வரை பேச்சாளர் காத்திருக்கிறார், கூட்டமும் பேசாமல் நிற்கிறது, டேப் ஓடிக்கொண்டிருக்கிறது.